பிள்ளை 1, விஷயம் சொல்லவும்

பக்கத்து அறை அன்ரி எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்த அன்றே விஷயம் தெரிந்துவிட்டது. அந்த மனுசி லேசில் ஒரு முட்டையை விடுகிற ஆளில்லை. துபாயில் நாங்கள் இருந்தது மூன்று அறை வீடு. அறைக்கு ஒரு குடும்பம், குசினி எல்லாருக்கும் பொது. பொதுக் குசினியில் தன் முட்டைகளுக்குப் பென்சிலால் அடையாளம் போட்டு வைத்திருப்பாள் அன்ரி. அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இருத்தி, இரண்டு முட்டையைப் பொரித்துத் தட்டில் போட்டு, தலையைத் தடவி, "சாப்பிடு ராசாத்தி" என்றாள். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் செத்த அன்றும் எனக்கு இரண்டு முட்டை கிடைத்தது. அப்போது ஒன்பது வயது, புரியவில்லை. பதினொரு வயதில் புரிந்தது.

அப்பா அல் கூஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். அன்று காலை பத்து மணிக்கு டியூட்டியில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழும்பவில்லை. இதெல்லாம் பல வருடம் கழித்து நான் கேட்டு அறிந்தது. அன்று எனக்குச் சொல்லப்பட்டது, அப்பாவுக்குக் காய்ச்சல்.

எங்கள் ஆட்கள் சாவை ஒரேயடியாகச் சொல்ல மாட்டார்கள். தவணை முறைதான். முதல் நாள் காய்ச்சல். அடுத்த நாள் ஆஸ்பத்திரி. அதற்கடுத்த நாள் "கொஞ்சம் கடுமை". கேட்கிறவர் தன்பாட்டில் அழத் தொடங்கியதும், சொல்ல வந்தவர் சொல்லாமலே தப்பிவிடுவார். யாழ்ப்பாணத்தில் இதற்கு மூன்று நாள் போதும். என் விஷயத்தில் ஆஸ்பத்திரியோடு நின்றுவிட்டது. பதினெட்டு நாள் அப்பா ஆஸ்பத்திரியிலேயே இருந்தார்.

அன்ரியின் புருஷன், அங்கிள், தினமும் பின்னேரம் ஒரு பிளாஸ்கில் சூப் எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போவார். "சின்னப் பிள்ளையளை உள்ள விடமாட்டாங்களாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். வெறும் பிளாஸ்கோடு வருவார். "குடிச்சவர், நல்லாக் குடிச்சவர்." நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ குப்பை கொட்டக் கீழே போனபோது பார்த்தேன். முதல் மாடிக்கும் தரைக்கும் இடையில் படியில் குந்தியிருந்து சூப்பை அவரே குடித்துக்கொண்டிருந்தார். குடிக்கிற மனுசனின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சத்தம் போடாமல் மேலே ஏறிவந்து குப்பைப் பையைக் குசினியில் திரும்ப வைத்தேன். குப்பை கொட்டவில்லை என்று அன்ரியிடம் ஏச்சு வாங்கினேன். முட்டைக் காலம் அதற்குள் முடிந்துவிட்டது.

அங்கிள்மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், அந்தச் சூப் சரியான உறைப்பு. ஆனால் எரிச்சல் இருந்தது. ஒருவரும் சொல்லாத சாவுக்கு எப்படி அழுவது? நான் அழுதால், 'ஏன் அழுகிறாய், அப்பாவுக்குக் காய்ச்சல்தானே' என்று கேட்பார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? யாராவது சொல்லட்டும், அழுவோம் என்று வைத்திருந்தேன்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. குசினிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அன்ரியும் அங்கிளும் பேசியதில் அதையும் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்குச் சொல்லத்தானே வேணும்."

"இப்ப சொல்லக்கூடாது. சலாலாவில இருக்கிற சின்னம்மாக்காரியும் காய்ச்சல் எண்டுதான் நினைச்சிருக்கிறாள். அவளின்ர கஃபீல் ஒரு மாச விசிட் தாறன் எண்டிருக்கிறான். தகப்பன் செத்தது தெரிஞ்சால் தருவானோ? பிள்ளை திரும்பிப் போகாது எண்டு அவனுக்கு விளங்காதோ?"

"ஊருக்கு அனுப்பலாமே?"

"ஊரில ஆர் இருக்கினம்? தகப்பன்ர தமையன்காரனும் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போயிட்டார்."

கஃபீல் என்றால் விசாவுக்குப் பொறுப்பு நிற்கிற அரபி. சின்னம்மா, அம்மாவின் தங்கை, ஓமானில் சலாலாவில் ஓர் அரபி வீட்டில் சமையலுக்கு இருந்தாள். எனக்கு எட்டுகிற தூரத்தில் மிச்சமிருந்த ஒரே சொந்தம் அவள்தான். அவளிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் அப்பா இன்னும் சில நாள் உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. பதினொரு வயதுக்கு அது விளங்காத கணக்கில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். "அப்பா இண்டைக்கு என்ன சாப்பிட்டவர்?" என்று பின்னேரங்களில் அங்கிளிடம் கேட்கக்கூடச் செய்தேன். அந்த மனுசனை அப்படி வதைத்திருக்க வேண்டாம்.

அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பாஸ்போர்ட் இல்லை. அப்பாவின் பாஸ்போர்ட்டில் நான் ஒரு வரி, ஓரத்தில் ஒரு சின்னப் படம். அப்பா போனதும் இனிச் செல்லாது என்று அதன் மூலையை வெட்டிவிட்டார்கள். பயணத்துக்கு எனக்கென்று ஒற்றைத் தாள் ஒன்று எடுத்தார்கள். அதோடு சலாலாவிலிருந்து விசிட் தாள் வந்தது. இனி ஆள் போக வேண்டியதுதான்.

வளைகுடாவில் அப்போது எதுவும் தபாலில் போகாது, ஆள் வசம்தான் போகும். ஊருக்குப் போகிறவர், வேறு நாட்டுக்கு லோடு அடிக்கிறவர் யாராயிருந்தாலும் அவர் தலையில் நாலு பார்சலைக் கட்டிவிடுவார்கள். துபாயிலிருந்து சலாலாவுக்கு மாதம் இரண்டு தடவை ஸ்பேர் பார்ட்ஸ் ஏற்றிப் போகிற டிரைவர் ஒருவர் இருந்தார். இராமநாதபுரம் பக்கத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். மிளகாய்த்தூள், பினாங்குச் சேலை, மருந்துக் குப்பி எல்லாம் பத்திரமாய்க் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று பேர். அவரிடம் என்னைக் கொடுத்தார்கள்.

விடிந்ததும் கிளம்பினோம். அன்ரி என்னைக் கட்டிப்பிடித்து, பெரிய சத்தமாய் அழுதாள். "சும்மா ஒரு மாசத்துக்குத்தானே போறன் அன்ரி, ஏன் அழுறியள்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை. பதினெட்டு நாள் பொய் சொன்னவர்களுக்கு அந்த ஒன்றாவது கிடைக்க வேண்டும். போகிற நேரத்தில் என் பையில் அவள் எதையோ பொத்திப் பொத்தி வைத்தாள். அல் ஐன் தாண்டித் திறந்து பார்த்தேன். அவித்த முட்டை, ஆறு. பென்சில் அடையாளம் அப்படியே இருந்தது. விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பையை மூடினேன். அழவில்லை.

டிரைவர் என்னை "ஆத்தா" என்றுதான் கூப்பிட்டார். பதினொரு வயதுப் பிள்ளையை ஆத்தா என்று கூப்பிடுகிற மனுசரை அன்றுதான் கண்டேன்.

"என்னத்தா, காத்து சூடா அடிக்குதா? கண்ணாடிய ஏத்திக்க. அந்தா தண்ணி கேன் இருக்கு, நெனச்சப்ப குடி."

கண்ணாடியை ஏற்றினால் அவியும், இறக்கினால் வறுக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டு போனேன்.

புரைமி தாண்டி ஓமான் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இளம் போலீஸ்காரன், தாள்களை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். டிரைவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நாங்கள் இருவரும் ஒரு சாயலும் இல்லாத ஆட்கள்.

"பாபா வேன்?" என்றான் என்னிடம். அப்பா எங்கே.

டிரைவருக்கு முகம் வெளிறிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும் என்பது எனக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது.

"பாபா துபாய். முஸ்தஷ்ஃபா," என்றேன். அப்பா துபாயில், ஆஸ்பத்திரியில்.

போலீஸ்காரன் "மிஸ்கீன்" என்று இரக்கப்பட்டான். பாவம் என்று அர்த்தம். உள்ளே போய் ஒரு ஆரஞ்சு ஜூஸ் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, முத்திரையைக் குத்தி அனுப்பினான். குளிர்ந்த டின். அதை உடைக்க மனம் வரவில்லை. பொய்க்குக் கிடைத்தது என்று நினைத்தேனோ என்னவோ, சூடாகும்வரை பிடித்துக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகு டிரைவரிடம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவருடைய தொல்லை தொடங்கியது. அரை மணிக்கு ஒருமுறை தொண்டையைச் செருமுவார்.

"ஆத்தா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கோ."

"அது வந்து... அந்தா பாரு, ஒட்டகம்."

ஒட்டகம் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் செருமல்.

"ஆத்தா, நம்ம கையில என்ன இருக்கு, சொல்லு. எல்லாம் மேல இருக்கவன்..."

"ஓம்."

"...பெட்ரோல் கொறஞ்சு போச்சு பாரு. அடுத்த பங்குல போட்டுருவோம்."

முள் பாதிக்கு மேல் நின்றது. இப்படி ஏழெட்டுத் தடவை. ஒரு கட்டத்தில் எனக்கே பொறுமை போய்விட்டது. சொல்லித் தொலையுங்கோவன் மனுசா, அழுது முடித்துவிட்டு நானும் நிம்மதியாய் ஒட்டகம் பார்ப்பேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நான் அழத் தொடங்கினால் அவர் வண்டியைத் திருப்பிவிடுவாரோ என்று பயம்.

ஹைமாவில் தங்கினோம். பாலைக்கு நடுவில் ஒரு பெட்ரோல் பங்கு, ஒரு மலையாளியின் சாயாக்கடை, பின்னால் இரண்டு அறை. சாயாக்கடைக்காரரை ஒரு பக்கமாய்க் கூட்டிப்போய் டிரைவர் கெஞ்சுவதைப் பார்த்தேன். நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்கிறார் என்று கையசைப்பிலேயே விளங்கியது. சாயாக்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாட்டேன் என்று தலையைத் தலையை ஆட்டினார். அவரும் எனக்கு ஒரு முட்டை பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். நான் எழும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அடுத்த நாள் வண்டியில் தலைக்கு மேலே செருகியிருந்த தாள் என் மடியில் விழுந்தது. பார்சல் பட்டியல். அங்கிளின் கையெழுத்து. அவர் எதையும் ஒழுங்காய்ச் செய்கிற ஆள், கிளார்க் வேலை பார்த்தவர்.

மிளகாய்த்தூள் 2
சேலை 1
மருந்து 1 (வெயில் படாமல்)
பிள்ளை 1
சின்னம்மாவிடம் நேரில் விஷயம் சொல்லவும்.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது. படித்துவிட்டு மடித்து, இருந்த இடத்திலேயே செருகினேன். டிரைவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது.

தும்ரைத் தாண்டி மலை இறங்கும்போது திடீரென்று மூட்டம். பிறகு தூறல். ஆயிரம் கிலோமீட்டர் வெறும் மண்ணைப் பார்த்த கண்ணுக்கு முன்னால் பச்சைப் புல், மாடு, தென்னை. அது அந்த ஊருக்கு மழைக் காலம். டிரைவர் வைப்பரைப் போட்டுவிட்டு, "ஊட்டிக்கு வந்துட்டமாத்தா?" என்று சிரித்தார். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

மிளகாய்த்தூள் இரண்டு வீட்டில் இறங்கியது. சேலை இறங்கியது. மருந்து இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் பேனாவால் ஒரு சரி போட்டார். கடைசியாய் ஒரு வெள்ளைச் சுவர் வீடு, பச்சைக் கேட். ஹாரன் அடித்ததும் சின்னம்மா ஓடிவந்தாள். அவளை நான் படத்தில்தான் நன்றாய்ப் பார்த்திருந்தேன். படத்தில் கன்னம் இருந்தது, நேரில் இல்லை. என்னைக் கட்டிப்பிடித்து, "என்ர அக்காவின்ர பிள்ளை" என்று முகமெல்லாம் தடவிவிட்டு, டிரைவரைப் பார்த்து, "அத்தான் எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டாள்.

டிரைவர் பார்வையைத் தாளுக்கு இறக்கினார். பேனாவை எடுத்துப் 'பிள்ளை 1'க்குச் சரி போட்டார். அடுத்த வரியில் பேனாவை வைத்தார், எடுத்தார்.

"இருக்காருங்க. எனக்கு லோடு எறக்கணுங்க, டயமாச்சு."

வண்டியில் ஏறப் போனவர் திரும்பிவந்து, அந்தத் தாளை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "நீ படிச்சுட்டன்னு தெரியும் ஆத்தா. என்னால முடியல. என்னைய மன்னிச்சுரு." வண்டி போய்விட்டது. கெட்ட மனுசன் இல்லை. ஆனால் கோழை. அதை மாற்றிச் சொல்ல எனக்கு வராது.

சின்னம்மா என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய்ச் சோறும் மீன் குழம்பும் போட்டாள். தனக்குப் போடவில்லை.

"நீங்க சாப்பிடேல்லையோ?"

"நான் இப்ப ஒருநேரம்தான். அத்தான் எழும்பும்வரைக்கும் எண்டு நேர்த்தி வைச்சிருக்கிறன்."

எனக்குக் கை சோற்றில் நின்றுவிட்டது. போலீஸ்காரனிடம் பொய் சொன்னேன், அங்கிளிடம் நடித்தேன், அதெல்லாம் போகட்டும். செத்துப்போய் மூன்று கிழமையான ஒரு மனுசனுக்காக இவள் பட்டினி கிடக்கிறாள். இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

"சின்னம்மா, இனி ரெண்டு நேரமும் சாப்பிடுங்கோ."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "எழும்பிட்டாரோ?"

நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். அவள் சிரிப்பு உடனே போகவில்லை, வாயில் கொஞ்ச நேரம் இருந்தது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது. பிறகு அவள் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"ஆருக்குத் தெரியும்?" என்றாள் கொஞ்ச நேரத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு.

"எல்லாருக்கும்."

"இந்த வீட்டில தெரியக்கூடாது. மேடத்துக்கு மூக்கு நுனியில கோபம். தெரிஞ்சால் நாளைக்கே உன்னைத் திருப்பி ஏத்திவிட்டிடுவாள். அழாதை. என்ர குஞ்செல்லே, இஞ்ச அழக்கூடாது."

அதைச் சொன்னவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் வந்துவிட்டது. மூன்று கிழமை அடைத்து வைத்தது, ஒருவரும் சொல்லாமலே வந்துவிட்டது. சின்னம்மா அவசரமாய் எழும்பி, மூலையில் இருந்த வெங்காய மூட்டையை இழுத்துவந்து நடுவில் கொட்டினாள். கத்தியை என் கையில் தந்தாள்.

"உரி."

உரித்தோம். எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதுமான வெங்காயம். அவள் அத்தான் அத்தான் என்று முணுமுணுத்துக்கொண்டு வெட்டினாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெட்டினேன். தட்டு நிறைந்து, சட்டி நிறைந்து, வாளி பாதிக்கு வந்தது.

மேடம், கஃபீலின் பெண்சாதி, வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும், உயரமான மனுசி. வாசலில் நின்று வாளியைப் பார்த்தாள். அந்த வீட்டில் ஆறு பேர். கல்யாணத்துக்கு உரித்ததுபோலக் கிடந்தது வெங்காயம். என்னை ஒருமுறை நன்றாய்ப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"பாபா மாத்?"

மாத் என்றால் செத்துப்போதல். துபாய்த் தெருவில் பூனை செத்தாலும் மாத், கார் பேட்டரி செத்தாலும் மாத். எனக்கு அந்தச் சொல் நன்றாய்த் தெரியும். இருபத்தொரு நாளில், ஒரு தமிழ் ஆளும் சொல்லாததை இரண்டே சொல்லில் கேட்டவள் அவள்.

சின்னம்மா முந்திக்கொண்டாள். "லா மேடம், லா! பஸல், பஸல்." இல்லை, வெங்காயம்.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒருமுறை சொன்னால் எனக்கு ஒரு மாதம் இருந்தது. எல்லையில் பொய் சொன்னவள்தானே நான். ஆனால் அது முன்பின் தெரியாத போலீஸ்காரன். கேள்வியும் வேறு, அப்பா எங்கே என்று. இது நேரான கேள்வி. இதற்கு இல்லை என்று சொன்னால் அப்பாவுக்கு அழ எனக்கு இனி ஓர் இடமும் கிடையாது என்று பட்டது.

"மாத்," என்றேன்.

மேடம் கத்தத் தொடங்கினாள். அப்படியொரு கத்தல். சின்னம்மாவைக் கைநீட்டிக் காட்டி, வாளியைக் காட்டி, என்னைக் காட்டி, மூச்சுவிடாமல் அரபியில் கொட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க என்ன இருக்கிறது, முடிந்தது. நான் கத்தியை வைத்துவிட்டு எழும்பி, மூலையில் இருந்த என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலருகில் போய் நின்றேன். டிரைவர் இன்னும் தூரம் போயிருக்க மாட்டார் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

மேடம் கத்தலை நிறுத்தினாள். பிறகு இரண்டு எட்டில் வந்து பையை என் தோளிலிருந்து பிடுங்கினாள்.

"என்னவாம் சின்னம்மா?"

சின்னம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "தகப்பன் செத்த பிள்ளையை அழவிடாம வெங்காயம் உரிக்க வைச்சியோ எண்டு என்னை ஏசுறா."

மேடம் என் பையைக் குசினி அலமாரிக்கு மேலே எறிந்தாள். பிறகு அந்த வெங்காயத்துக்கு நடுவிலேயே குந்தி, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் வாய்விட்டு அழுதேன், அப்பா என்று கத்திக் கத்தி அழுதேன். ஒருவரும் ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. அன்று இரவு சின்னம்மா எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள்.

பை அங்கேயேதான் கிடந்தது. கதிரை போட்டு ஏறாமல் நான் அதை எட்டி எடுக்கிற உயரம் வர நாலு வருடம் எடுத்தது.